குடும்ப ஏட்டில் தாத்தாவின் பக்கம்

கேள்வி: எங்கள் குடும்ப வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் அப்பா குடிகாரர், பாட்டியை அடித்தவர், கடைசியில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவர். அவருடைய பக்கத்தைக் காலியாகவே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளைகள் இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது? மலாயா ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களில் இப்படி ஒருவர் இல்லாத வீடு உண்டா?

2024 மார்ச் 3, காலை

காலியாக விடாதீர்கள். நான் பத்து வருடம் அப்படித்தான் விட்டுவைத்திருந்தேன்.

என் நோட்டில் தாத்தா பெயருக்கு எதிரே ஒரே ஒரு வரி இருந்தது: "1961-ல் குடித்துவிட்டு ஓடிப்போனார்." அப்பாவும் அதையே சொல்வார், சித்தப்பாவும் அதையே சொல்வார், ஒரு சொல் மாறாது. பாட்டி அதைக்கூடச் சொன்னதில்லை. பாட்டி இருந்தவரை வீட்டில் அவர் "அந்த ஆளு" மட்டும்தான்.

பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர், நாங்கள் எந்தத் தோட்டம் என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்: "உங்க தாத்தாவும் எங்கப்பாவும் ஒரே கூட்ஸ் வண்டியில சயாமுக்குப் போனவங்கம்மா." எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சயாம் என்ற சொல்லையே எடுத்ததில்லை. தாத்தா குடிகாரர் என்பது தெரியும். ரயில் போட்டவர் என்பது தெரியாது.

விவரம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குக் காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சேர்ந்தன. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல் அதில் வேலை செய்தார்கள், பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். படங்களிலும் புத்தகங்களிலும் வருவது அவர்கள் கதை. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல மூன்று மடங்குக்கு மேல். செத்தவர்கள் தொண்ணூறாயிரம் பேர் இருக்கலாம் என்கிறார்கள். அதில் மலாயா தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் ஏராளம்.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். ஆள் கிடைக்காதபோது இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி ஏற்றிக்கொண்டு போனதாகவும் பலர் சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவைப் பெரட்டுக்களத்திலிருந்தே ஏற்றிக்கொண்டார்கள். வேலைக்குப் பேர் கொடுக்கக் காலையில் வரிசையில் நின்றவர், அப்படியே போய்விட்டார். 1943 தொடக்கம். திரும்பி வந்தது 1945 கடைசியில்.

2024 மார்ச் 3, இரவு

காலையில் எழுதாமல் விட்டது. எனக்கு எல்லாம் இதிலிருந்துதான் திறந்தது.

அப்பாவுக்கு ஆறு வயது இருக்கும்போது ஆற்றுத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்ட தாத்தா, ரப்பர் பால்வாளி தூக்கும் காண்டாக் கம்பாலேயே அடித்திருக்கிறார். முதுகுத் தோல் உரிந்துவிட்டது. "அந்த ஆளு"க்குப் புத்தி பேதலித்திருந்தது என்பதற்கு வீட்டில் எப்போதும் சொல்லும் சான்று இதுதான். தண்ணீர் குடித்ததற்கு யாராவது பிள்ளையை அடிப்பானா?

1943 மழைக்காலத்தில் அந்தப் பாதை நெடுகக் காலரா வந்தது. போர்க்கைதிகளிடம் சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்கவைக்காத தண்ணீர் ஒரு வாய்கூடக் கூடாது, சாப்பிடும் தட்டைக்கூடக் கொதிநீரில் முக்கி எடு என்று அதிகாரிகளே கட்டுப்பாடு வைத்தார்கள். நம் ஆட்களுக்குச் சொல்ல ஆளில்லை. தாகம் எடுத்தால் ஓடை. காலையில் நன்றாக இருந்தவன் சாயங்காலம் இல்லை. தாத்தா திரும்பியதே எங்கேயோ யாரிடமோ இதைக் கற்றுக்கொண்டதால்தான் என்று நினைக்கிறேன்.

அடித்துவிட்டு அன்றைக்கு இரவு அவர் தூங்கவில்லை. விடிய விடிய அப்பாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அப்பா எனக்குச் சொன்னது: "அடிச்சதைவிட அந்தக் கைக்குத்தான் பயந்தேன்."

எழுபத்தாறு வயதில் இன்றைக்கும் அப்பா வெந்நீர்தான் குடிக்கிறார். வெளியே போனாலும் பிளாஸ்க்.

இன்னொன்று. தாத்தாவின் வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல், ஒரு கரண்டி அளவுக்குக் குழி இருந்ததாம். பாம்பு கடித்த இடம் என்பது வீட்டுக் கதை. அந்தக் காட்டில் மூங்கில் கீறினாலே புண் வைத்து, எலும்பு தெரியும்வரை அரித்துவிடும். கைதிகளின் முகாம்களில் அழுகின சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார்கள், மயக்க மருந்து இல்லாமல். தாத்தாவுக்கு யார் சுரண்டினார்களோ.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: குடிகாரர் என்று எழுதுவதற்கு முன்னால் அவர் எங்கே போய்வந்தார் என்று கேளுங்கள். சயாம்தான் எங்கள் தாத்தாவைக் கெடுத்தது. அந்த மாதிரி அதிர்ச்சியில் உடைந்த மனதை ஒரு நோய் என்று மருத்துவப் புத்தகத்தில் பெயர் வைத்துச் சேர்த்ததே 1980-ல்தான். தாத்தா 1978-ல் செத்துப்போனார்.

2024 மார்ச் 10

எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்ப்பட்டியலை நம்பிப் புறப்படாதீர்கள். தாய்லாந்தில் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கைதிகள் அங்கே இருக்கிறார்கள். வெட்டின புல், வரிசை வரிசையாகக் கல், பெரும்பாலான கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. 22, 24, 23 என்று படித்துக்கொண்டே நடந்தேன். அவர்களும் பிள்ளைகள்தான், மனது தாங்கவில்லை. அதே பாதையில் செத்த நம் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. கூடை கூடையாக மண் சுமந்தவர்களின் பெயரை அன்றைக்கு யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை.

அதனால் வீட்டுத் தாள்களிலிருந்து தொடங்குங்கள். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தாவின் பெயரும் தொழிலும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். பெயரின் எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தாத்தா சொன்னதைக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எங்கள் தாத்தாவின் பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக இருக்கிறது. ஒன்றில் அவருடைய அப்பா பெயரே அவர் பெயராகிவிட்டது. நான் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நாலு வருடத்தை வீணாக்கினேன்.

தாள்களுக்கு முன்னால் கிழவிகளிடம் போங்கள். தாள் காத்திருக்கும்.

2024 மார்ச் 17

3-ஆம் தேதி இரவு எழுதினதில் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, அங்கேயே இருக்கட்டும்.

அத்தையைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போனேன். அப்பாவுக்கு மூத்தவர், எண்பத்தாறு வயது, கண் மங்கல், நினைவு மட்டும் கத்தி. நான் இங்கே எழுதினதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்த கதை, கோணிச்சாக்கில் பாவாடை கட்டின கதை, தாத்தா இல்லாத இரண்டரை வருடத்தில் செத்துப்போன தம்பியின் கதை எல்லாம் வந்தது. (அந்தத் தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு முன்னால் ஓர் ஆண்பிள்ளை, இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. இன்றைக்கு நோட்டில் அவனுக்கு ஓர் இடம் போட்டேன். பெயர் மட்டும் அத்தைக்கே தெரியவில்லை, "குட்டி" என்றுதான் கூப்பிட்டார்களாம்.)

கடைசியில் சொன்னார்: "நல்லா எழுதியிருக்க. சயாம்தான் அவரைக் கெடுத்துச்சுன்னு இருக்கே, அதை மட்டும் அடிச்சுடு."

"ஏன் அத்தை?"

"போறதுக்கு முந்தியே அடிப்பாருடி."

நான் விடவில்லை. சயாமுக்குப் போனபோது உங்களுக்கு ஐந்து வயது, எது முன்னால் எது பின்னால் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கு அவர் லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, அடையாளம் சொன்னார். அவர்கள் முதலில் இருந்த தோட்டத்து லயத்தில் வாசலுக்கு மூன்று படி. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னாலேயே அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள், பிறகு இருந்த லயம் எதிலும் படி கிடையாது. பாட்டி அந்த மூன்று படியில் உருண்டு விழுந்ததையும், புருவத்திலிருந்து ரத்தம் வழிந்ததையும், அடுத்த வீட்டு அம்மா மஞ்சள் வைத்து அழுத்தினதையும் அத்தை பார்த்திருக்கிறார். பாட்டியின் புருவத்தில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. அதன் மேல் விபூதி பூசும்போது கோடு விழும். சின்ன வயதில் நான் அதை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

"உங்கப்பனை அடிச்சது தண்ணிக்காக. சரி. எங்கம்மாவை அடிச்சது எதுக்காகவும் இல்ல."

2024 மார்ச் 18

தூக்கம் வரவில்லை. எனக்கு ஒரு போர் தேவைப்பட்டிருக்கிறது. அது கிடைத்ததும் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டு, தாத்தாவைக் கழுவி எடுத்து நடுவீட்டில் உட்காரவைக்கப் பார்த்தேன். அதைச் செய்யும்போது பாட்டியின் புருவம் எனக்கு நினைவில்கூட வரவில்லை.

2024 மார்ச் 19

கள்ளுக்கடையைப் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கோவில் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம். சம்பளம் வாங்கினவன் வீடு போய்ச் சேர்வதற்குள் அதைத் தாண்டியாகவேண்டும். போர் முடிந்ததும் கெடா மாநிலத்தில் தொண்டர் படை கிளம்பி, கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது. அந்தச் செய்தி கேட்டு எங்கள் தோட்டத்துப் பெண்கள் "இங்கேயும் வரமாட்டாங்களா" என்று பேசிக்கொண்டார்களாம். வரவில்லை. ஆனால் அத்தை சொன்ன மூன்று படிச் சம்பவத்தன்று தாத்தா குடித்திருக்கவில்லை. அதையும் அழுத்திச் சொன்னார்.

2024 மார்ச் 24

அவருடைய கடைசிக் காலம். இதில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது சித்தப்பாவின் முடிவு. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. தாத்தா குடியுரிமை எடுக்கவில்லை, கையில் சிவப்பு ஐ.சி.தான், குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. 1968-ல் வந்த சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக அமலானது. இங்கேயே நாற்பது வருடம் பால் வெட்டினவர்கள் தகரப்பெட்டியோடு கப்பலுக்கு வரிசையில் நின்றார்கள். தாத்தாவும் அந்த வரிசையில் போயிருப்பார் என்று நம்பி நானும் தமிழ்நாட்டுப் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் எங்கேயும் போகவில்லை. பதிவிலாகாவில் மூன்றாவது எழுத்துக்கூட்டலில் இறப்புப் பத்திரம் கிடைத்தது. 1978. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு தோட்டக் கிராணியின் பெயர். அந்தத் தோட்டம் அப்போது நாங்கள் இருந்த இடத்திலிருந்து முப்பது மைல்.

அங்கே போய் விசாரித்தேன். இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை), லயம் எல்லாம் இடித்தாகிவிட்டது. பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருந்த ஓர் அம்மாவுக்கு அவரை நினைவிருந்தது. மாடு வைத்திருந்தாராம், நாலைந்து. விடியற்காலையில் பால் கொண்டுவந்து ஊற்றுவார். "காய்ச்சாம குடுக்காதீங்க, புள்ளைக்குக் காய்ச்சாம குடுக்காதீங்க"ன்னு தினமும் சொல்லுவார் என்றார்.

"குடிப்பாரா?" என்று கேட்டேன்.

"அவரா? சேச்சே. கள்ளு வாசனையே ஆகாது."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று தோன்றும். எனக்குக் கோபம்தான் வந்தது. குடியை விட்டுவிட்டார், மாடு வளர்த்தார், ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டார், முப்பது மைல் பஸ் ஏறி வரவில்லை. அப்பா இடைநிலைப் பள்ளிக்குப் போக முடியாமல் பால்மரத்துக்குப் போனார். சித்தப்பா டவுனில் மளிகைக் கடையில் மூட்டை தூக்கினார். பால் விற்ற காசில் பத்து வெள்ளி அனுப்பியிருக்கலாமே.

2024 ஏப்ரல் 7

மறுபடி கிள்ளான். மாட்டுக் கதையைச் சொல்லி, ஏன் வரவில்லை என்று என் கோபத்தைக் கொட்டினேன். அத்தை வெகுநேரம் பேசவில்லை. "நீ என்ன போலீஸ் மாதிரி நோட்டும் கையுமா வர்ற, அதை மூடி வை" என்றார். மூடினேன். அதனால் இதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"அவரு ஓடிப்போகலடி. நாங்கதான் விட்டுட்டு வந்தோம்."

1961. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். அந்த வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல அப்படித்தான் விற்றுக் கிளம்பின, குடும்பங்கள் வேறு தோட்டம் தேடி அலைந்தன. பாட்டியின் தம்பி ஓரிடத்தில் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். அத்தை தலைப்பிரசவத்துக்கு வந்து, பச்சைப்பிள்ளையோடு இருக்கிறார். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு தாத்தா வருகிறார். பாட்டி வாசலில் நிற்கிறார், கையில் பால் வெட்டும் கத்தி. ஓங்கவில்லை, காட்டவில்லை, சும்மா கையில் இருக்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. தாத்தா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பாட்டியும் உள்ளே போகவில்லை. இரண்டு பேரும் விடியும்வரை அப்படியே.

காலையில் லாரி வந்தது. சாமான் ஏற்றினார்கள். தாத்தாவும் ஏற்றிக் கொடுத்தார். அம்மியை அவர்தான் தூக்கி வைத்தாராம், அதைத் தனியாளாகத் தூக்க வேறு யாராலும் முடியாது. எல்லாம் ஏற்றி முடிந்ததும் பாட்டி முன்னால் ஏறி உட்கார்ந்து டிரைவரிடம் "போப்பா" என்றார்.

அவ்வளவுதான்.

வழியில் பாட்டி பிள்ளைகளிடம் சொன்னது: "யாரு கேட்டாலும் குடிச்சுட்டு ஓடிப்போயிட்டாருன்னு சொல்லணும்." புருஷனைத் துரத்தினவள் என்று பேர் வந்தால் அத்தையை மாமியார் வீட்டில் வாழவிடமாட்டார்கள் என்ற பயம்.

அப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. லாரியின் பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

2024 ஏப்ரல் 8

அப்படியானால் அறுபது வருடமாக அப்பா அந்த வரியைத் தெரிந்தேதான் சொல்லிவந்திருக்கிறார். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டபோதும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

2024 ஏப்ரல் 21

முதல் கேள்வி கேட்டவருக்கு: பேரப்பிள்ளைகள் படித்து என்ன ஆகும் என்றீர்களே. என் மகளுக்குப் பதினாறு வயது. இவ்வளவையும் படித்துவிட்டு அவள் தாத்தாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கொள்ளுப்பாட்டிக்கு அப்போ என்ன வயசு?" என்று கேட்டாள். நாற்பத்தொன்று. என்னைவிடச் சின்னவர். அந்த வாசலில் கத்தியோடு ஒரு நாற்பத்தொரு வயதுப் பெண்ணை நிறுத்திப் பார்க்கிறேன், நெஞ்சு அடைக்கிறது. அத்தனை வருடம் அவருடைய மடியில் படுத்திருக்கிறேன், ஒன்றும் தெரியாமல்.

பக்கத்தை எழுதிவிட்டேன். சயாம், காலரா, கொதிநீர், காலில் இருந்த குழி, மாடுகள். மூன்று படியும் புருவமும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் "ஆனால்" போடவில்லை, "அதனால்" போடவில்லை. நான்கு முறை போட்டு நான்கு முறையும் எடுத்தேன். "ஓடிப்போனார்" என்ற வரியை எடுத்துவிட்டு, லாரி நாளை அத்தை சொன்னபடி எழுதினேன். எழுதலாமா என்று அத்தையிடம் போனில் கேட்டேன். "இனி யாரு என்னை வாழவிடாம பண்ணப்போறா, எழுது" என்றார்.

2024 ஏப்ரல் 28

அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நான்கு தாள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஐந்தடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். ஒரு முறை படித்தார். முதல் தாளுக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தார். நான் அடுக்களையில் வெந்நீர் வைப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். காண்டாக் கம்பால் அடித்ததற்கும் லாரிக்கும் ஏதாவது சொல்வார், கோபப்படுவார், அல்லது கிழித்துப்போடுவார் என்று நினைத்தேன். தாளை ஒழுங்காக அடுக்கி மேசையில் வைத்தார்.

"இடது காலு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வலதுன்னு போட்டிருக்க. இடது. வேட்டியை மடிச்சுக் கட்டியிருந்தாரு, லாரி ஏத்தும்போது சேறு. ரோட்டு முனை திரும்புற வரைக்கும் தெரிஞ்சுது."

மாற்றிவிட்டேன்.